ஒரு மாதம் தாமதமாக வந்த பஸ்கா: கேள்வி பதில்

வேதாகமத்தில் இரண்டாம் நாளாகமம் 29, 30 அதிகாரங்களைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கேள்வி: எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை முதலாம் மாதம் 14ஆம் தேதி. யூதா தேசத்து ராஜா எசேக்கியா ஏன் அதை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளினார்?

தேதிகளைக் கூட்டிப் பாருங்கள். அவருடைய தகப்பன் ஆகாஸ் எருசலேம் ஆலயக் கதவுகளைப் பூட்டிப்போட்டிருந்தார். விளக்கில்லை, தூபமில்லை. மகன் பட்டத்துக்கு வந்த முதல் வருஷம், முதல் மாதமே கதவுகளைத் திறந்தார். முதல் தேதி சுத்திகரிப்பு தொடங்கியது. மண்டபம்வரை வர எட்டு நாள், ஆலயத்துக்கு இன்னும் எட்டு நாள். உள்ளே கிடந்த அசுத்தத்தை ஆசாரியர்கள் பிராகாரத்தில் கொண்டுவந்து போட, ஆலயப் பணி செய்யும் லேவியர் அள்ளிக்கொண்டு கீதரோன் ஆற்றுக்குச் சுமந்தார்கள். முடிந்தது 16ஆம் தேதி. பஸ்கா நாள் தாண்டி இரண்டு நாள் ஆகிவிட்டது!

கேள்வி: ராஜா என்பதற்காகத் தேதியை மாற்றலாமா, ஐயா?

அவர் இஷ்டத்துக்கு மாற்றவில்லை, தம்பி. எண்ணாகமம் 9ல், பிணத்தினால் தீட்டுப்பட்ட சிலர் மோசேயிடம் வந்து, எங்களை மட்டும் ஏன் விலக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். தீட்டுப்பட்டவர்களும் தூரப் பயணம் போனவர்களும் இரண்டாம் மாதம் 14ஆம் தேதி ஆசரிக்கலாம் என்று உத்தரவு வருகிறது. தனி ஆட்களுக்குத் தந்த அந்த வழியில் எசேக்கியா தேசத்தையே நடத்தினார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டிருந்தால் அந்த ஆர்வம் தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: வடக்கேயிருந்த இஸ்ரவேல் கோத்திரங்களிலிருந்து யாராவது வந்தார்களா?

சிலர் வந்தார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் எருசலேமை விட்டுப் பிரிந்திருந்த சனம் அது. அழைப்புக் கடிதம் கொண்டுபோனவர்களை எப்பிராயீம், மனாசே, செபுலோன் நாடுகளில் கேலி பண்ணினார்கள். அப்படியும் தாழ்மையோடு கிளம்பி வந்தவர்களை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

கேள்வி: சுத்திகரித்துக்கொள்ளாமல் சாப்பிட்டவர்கள் தண்டிக்கப்படவில்லையா?

இல்லை, சகோதரி. வடக்கேயிருந்து வந்தவர்களில் அநேகர் முறைப்படி ஆயத்தமாகாமல்தான் சாப்பிட்டார்கள். ராஜா அவர்களைத் துரத்தவில்லை. தேவனைத் தேட மனதைத் திருப்பியவர்களை மன்னியும் என்று அவர்களுக்காக ஜெபித்தார். கர்த்தர் கேட்டு, ஜனங்களைக் குணமாக்கினார். அப்புறம், ஏழு நாள் போதாதென்று இன்னும் ஏழு நாள் கொண்டாடினார்கள்.

கேள்வி: இதே ராஜாக்களின் வரலாற்றைச் சொல்லும் ராஜாக்கள் புத்தகத்தில் இந்தப் பஸ்கா இல்லையே. கட்டுக்கதையாக இருக்குமோ?

இந்தச் சந்தேகம் அறிஞர்களுக்கும் உண்டு. ஆனால் நல்ல ராஜாவை உயர்த்திக் கதை கட்டுகிறவர், தேதி தவறியதையும் தீட்டோடு சாப்பிட்டதையும் சேர்ப்பாரா? நான் நம்புகிறேன்.

கேள்வி: விட்டுப்போன வேறு பண்டிகை இப்படித் திரும்பியிருக்கிறதா?

நெகேமியா 8ஐ வாசியுங்கள். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் கூடாரப்பண்டிகையைக் கண்டதும், சிறையிருப்பிலிருந்து திரும்பிவந்த ஜனங்கள் மலைக்குப் போய் ஒலிவக் கிளையும் பேரீச்ச மட்டையும் வெட்டிவந்து, மொட்டைமாடியிலும் முற்றத்திலும் தண்ணீர்வாசல் வீதியிலும் கூடாரம் போட்டார்கள். யோசுவாவின் நாள் முதல் அப்படி நடந்ததில்லையாம்.