தினமும் ஓட்டும் காருக்கு ரேஸ் பிரேக் பேட் தேவையா?

கேள்வி: பொள்ளாச்சியில் இருக்கிறேன். ஐந்து வருஷமான ஹேட்ச்பேக் கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். தினமும் கிணத்துக்கடவு வழியாகக் கோவைக்கு வேலைக்குப் போகிறேன். அவ்வப்போது குடும்பத்தோடு வால்பாறை. வருஷத்தில் இரண்டு மூன்று நாள் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே (சொந்தக் காரை ரேஸ் தடத்தில் ஓட்டும் நாள்). போன தடவை சில சுற்றுகளிலேயே பெடல் உள்ளே போய்விட்டது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்ததும் ஓரளவு திரும்பி வந்தது. நண்பர்கள் ரேஸ் பேட் போடச் சொல்கிறார்கள். எதை வாங்குவது? கழற்றிய பழைய பேடின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பேட் வாங்கும் முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்.

பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டியைக் கொண்டுபோனால், விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான்: "பெடல் உள்ள எறங்குதுங்களா, இல்ல பெடல் கல்லாட்டம் நின்னுட்டு வண்டி மட்டும் ஓடுதுங்களா?" இரண்டும் வேறு வேறு கோளாறு. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் சூடு தாங்காமல் பிடிமானத்தை இழந்துவிட்டது என்று பொருள். பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினால், பேடை அழுத்தும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகிவிட்டது. திரவத்தை அழுத்தினால் அழுத்தம் பேடுக்குப் போகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். சூடு ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகும், பெடலும் திரும்பி வரும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசல் இதுதான். இந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த பேட் போட்டாலும் அதே சுற்றில் அதே வளைவில் பெடல் மறுபடி இறங்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. அதன் தரத்தை டாட் எண்ணால் குறிப்பார்கள். புதிய டாட் 4 ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. டாட் 3 என்றால் 205, 140. டாட் 5.1 என்றால் 260, 180. ஐந்து வருஷமாக மாற்றாத ஆயில் எந்த இடத்தில் நிற்கும் என்று பாருங்கள். போனெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்த்தால் பெரும்பாலும் டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும். ஆனால் நிறம் தெளிவாக இருந்தாலும் ஈரம் சேர்ந்திருக்கலாம், காலக்கணக்குதான் நம்பத்தக்கது. சாலை வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, டிராக் போகிறவருக்கு ஒவ்வொரு டிராக் டேவுக்கும் முன்னால். டப்பாவில் மேலாக ஊற்றி நிரப்பினால் போதாது. நாலு சக்கரத்திலும் ஆயில் வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து பழைய ஆயில் முழுக்க வெளியேறும்வரை ஏர் எடுக்க வேண்டும், ஏனென்றால் கொதிப்பது காலிப்பரில் கிடக்கும் ஆயில்தான். டிராக்குக்கென்றே வரும் டாட் 4 ஆயில்களில் சில, புதிதில் 300 டிகிரியைத் தாண்டித் தாங்கும். சிலிகோனால் ஆன டாட் 5 என்பது வேறு இனம். பெயர் நெருக்கமாக இருக்கிறதென்று அதை ஊற்றிவிடாதீர்கள்.

இனி பேட். ஆயிலுக்கு ஏன் இவ்வளவு சொன்னேன், பேட் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரே கணக்குதான். ஆள் உட்பட 1,050 கிலோ உள்ள கார் ஊருக்குள் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கிறது. அந்த இயக்க ஆற்றல் ஏறத்தாழ 100 கிலோஜூல். அதில் 70 சதவீதம் முன் டிஸ்க்குகளுக்குப் போகிறது, டிஸ்க் இரண்டும் சேர்ந்து 10 கிலோ என்று வைத்தால், டிஸ்க் 15 டிகிரி சூடாகும். அதே கார் டிராக்கில் 120-லிருந்து 60-க்கு இறங்கினால் ஒரே அழுத்தில் 65 டிகிரிக்கு மேல் ஏறும். கரி ஸ்பீட்வே 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் தடம்தான். ஒரு வளைவில் ஏறிய சூடு காற்றில் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சுற்றுக்குச் சுற்று சூடு மேலே மேலே அடுக்கிக்கொண்டே போகும். 400 டிகிரியைத் தொடுவதற்கு நிறைய சுற்று வேண்டியதில்லை. கம்பெனி பேட் இந்தச் சூட்டுக்காகச் செய்யப்பட்டதல்ல.

அப்படியானால் ரேஸ் பேட்தானே என்று தோன்றும். தினமும் ஓட்டும் காரில் அதைப் போடாதீர்கள். முழு ரேஸ் பேட் சூடேறிய பிறகுதான் கடிக்கும். பல வகைகளுக்கு 150, 200 டிகிரியாவது வேண்டும். காலை ஆறு மணிக்கு ஆழியார் தாண்டி மலை ஏறுகிறீர்கள், டிஸ்க் சில்லென்று இருக்கிறது, கொண்டை ஊசி வளைவில் வரையாடு ஒன்று ரோட்டின் நடுவில் நிற்கிறது. பின் சீட்டில் குழந்தைகள். அந்த முதல் அழுத்தில் கடிக்காத பேட் உங்களுக்கு எதற்கு? நீங்கள் பிரேக்கை மிதிப்பதில் மிகப் பெரும்பகுதி இப்படிக் குளிர்ந்த டிஸ்க்கில்தான். கூடவே கீச்சுச் சத்தம், வீல் முழுக்கக் கருந்தூள், சீக்கிரம் தேயும் டிஸ்க் எல்லாம் வரும்.

நடுவில் ஒரு வகை இருக்கிறது. குளிரிலேயே நன்றாகப் பிடித்து, 500 டிகிரியை ஒட்டியும் தாக்குப்பிடிக்கும் வேகச் சாலை-டிராக் பேட்கள். ஃபெரோடோ டிஎஸ் 2500, இபிசி யெல்லோஸ்டஃப் ஆகியவை இந்த நோக்கத்துக்காக விற்கப்படுபவை. உங்கள் காருக்கு அளவு கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் அதே வகையில் வேறு நல்ல பெயர். வெறும் 'செராமிக்' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். சாலைக்கான செராமிக் பேட் தூசியும் சத்தமும் குறைவாக இருப்பதற்காகச் செய்யப்படுவது. போலிப் பொருள் புழங்கும் துறை இது, அதனால் விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள்.

பேடின் ஓரத்திலோ முதுகுத் தகட்டிலோ எழுத்தும் எண்ணும் அச்சடித்திருக்கும். கடைசியில் 'எஃப்எஃப்', 'ஜிஜி' என்பதுபோல் இரண்டு எழுத்து இருந்தால் அது உராய்வின் அளவு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது அதிகச் சூட்டில். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. முதல் எழுத்தைவிட இரண்டாவது இறங்கியிருந்தால் மலைக்குக்கூட அந்தப் பேட் வேண்டாம் என்பேன். ஆனால் இந்தச் சோதனை சுமார் 340 டிகிரியோடு முடிந்துவிடும். டிராக்கில் என்ன ஆகும் என்று இந்த எழுத்து சொல்லாது. தயாரிப்பாளர் தரும் வெப்ப வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பேட் மாற்றினால் வண்டி நிற்கும் தூரம் பாதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓங்கி மிதித்ததும் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்து பெடல் காலில் அதிர்கிறது என்றால், தடை ஏற்கெனவே டயரின் எல்லையைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் எந்தப் பேடாலும் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல பேட் தருவது பத்தாவது முறை மிதிக்கும்போதும் முதல் முறை மாதிரியே நிற்பது. தூரம் குறைய வேண்டுமென்றால் காசை டயரில் போடுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். பேட் ஓரம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்து, மூலையில் பொடிந்திருக்கிறது. ஆக, ஆயில் கொதித்ததோடு பேடும் அதன் எல்லையைத் தாண்டியிருக்கிறது. காலிப்பர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் பூட் கருகியிருக்கிறதா, டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கிறதா, மெல்லிய வெடிப்பு ஏதும் ஓரத்தைத் தொடுகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஓரம்வரை வெடிப்பு ஓடியிருந்தால் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும். லேத்தில் கொடுத்துச் சீவி ஓட்டாதீர்கள். சாலைக்கு 3 மில்லிமீட்டர்வரை பேடை ஓட்டலாம் என்பது பொதுவான வழக்கம். டிராக்குக்குப் பாதிக்கு மேல் பொருள் மிச்சமிருக்க வேண்டும், ஏனெனில் பேட் மெலிய மெலிய சூடு நேராகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகிறது.

புதுப் பேடைப் போட்டதும் நேராக டிராக்கில் இறக்கக் கூடாது. முதல் கடும் சூட்டில் பேடிலுள்ள பிசின் வாயுவாகி வெளியேறும்; அந்த நேரத்தில் பிடிமானம் திடீரென்று காணாமல் போகும். தயாரிப்பாளர் குறித்த முறைப்படி பழக்குங்கள். பெரும்பாலும் 80-லிருந்து 20-30 வரை, முழுக்க நிற்காமல், மிதமான அழுத்தில் பத்துத் தடவையாவது, பிறகு பிரேக் தொடாமல் ஆறவிடுவது. அதிகாலையில் பின்னால் வண்டி வராத நேராக இருக்கும் ரோட்டில்தான் இது சாத்தியம். சூடான டிஸ்க்கில் பேடை அழுத்தியபடி நின்றால் அந்த இடத்தில் பேட் பொருள் திட்டாக ஒட்டிக்கொள்ளும். 'டிஸ்க் பெண்ட் ஆகிவிட்டது' என்று சொல்லப்படும் அதிர்வில் பாதிக்கு மேல் இந்தத் திட்டுதான் என்பது என் கருத்து.

வால்பாறை இறக்கம் வேறு மாதிரி. அங்கே 40 கொண்டை ஊசி வளைவு. வேகம் குறைவு, ஆனால் பிரேக்குக்கு ஓய்வே கிடையாது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள், பேடுக்கு வேலையே குறைந்துவிடும்.

பின் டிரம்மை அப்படியே விடுங்கள், ஆனால் ஷூ தேய்மானமும் இடைவெளியும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் வேலை செய்யாவிட்டால் முன் டிஸ்க்தான் அத்தனை சூட்டையும் சுமக்கும். டிராக்கில் ஐந்து சுற்றுக்கு மேல் தொடராதீர்கள். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். பிட்டில் (தடத்தோரம் கார் நிறுத்தும் இடத்தில்) நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்த பிறகும் டிராக்கில் பெடல் கெட்டியாக நின்று வண்டி ஓடினால், அப்போது ரேஸ் பேட் ஒரு ஜோடி தனியாக வாங்கிக்கொள்ளலாம். செட்டிபாளையம் போய் மாட்டி, திரும்பும் முன் கழற்றிவிட வேண்டும். ஜாக்கியும் இரண்டு ஸ்பேனரும் இருந்தால் அரை மணி நேர வேலை.