இணைந்த கணிதத்தில் ஏ எடுத்தவர் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதலாவதாகக் கணிதம் போடுவதா, நிதியியல் போடுவதா?

கேள்வி கேட்ட தம்பி திருகோணமலை. யாழ்ப்பாணத்தில் பௌதிக விஞ்ஞானம் எடுத்துக் கணிதத்தில் போவதா, கொழும்பில் கைத்தொழில் புள்ளிவிபரவியலும் கணித நிதியியலும் படிப்பதா என்று கேட்டிருக்கிறார். வீட்டில் நிதிதான் என்று நிற்கிறார்களாம்.

நானும் திருகோணமலைதான், திருக்கடலூர். 2013இல் உயர்தரம், அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் பரீட்சை, எழுதினேன். இதே இரண்டும்தான் என் முன்னாலும் இருந்தன.

முதலில் ஒன்று. வெளிநாட்டில் போல இரண்டு மூன்று அனுமதிக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க இங்கே வழியில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் எழுதும் விருப்ப ஒழுங்குதான் உங்கள் தெரிவு. மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். எந்த இடத்தில் உங்கள் இசட் புள்ளி (பாடப் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றிக் கணக்கிடுவது) வெட்டுப்புள்ளியை (அந்தப் படிப்புக்கு எடுக்கப்படும் ஆகக் குறைந்த புள்ளி) தாண்டுகிறதோ அது கிடைக்கும். அதற்குக் கீழே எழுதியதற்கு வேலையில்லை. ஆகவே வெட்டுப்புள்ளி கூடியது எது என்று பார்த்து மேலே போடாதீர்கள். விரும்புவதைப் போடுங்கள்.

என் விண்ணப்பத்தில் அந்த ஒழுங்கை எழுதியது நானில்லை, மாமா. அப்பாவுக்குக் கடற்றொழில். மாமாதான் எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள், வங்கியில் வேலை. நான் பென்சிலால் யாழ்ப்பாணத்தை ஒன்று என்று குறித்து வைத்திருந்தேன். அவர் அதை அழித்துவிட்டு நிதியியலை எழுதினார். "கணிதம் படிச்சா ரீச்சர் வேலைதான் பிள்ளை. நிதி எண்டா எங்க போனாலும் வேலை இருக்கு" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மாமாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் ரியூசன் காசில் பாதி அவர் கட்டியது.

நிதியியலே கிடைத்தது. நல்லபடியாகத்தான் படிப்பித்தார்கள், நல்ல பெறுபேறும் வந்தது. பங்கு விலை ஏறி இறங்குவதைப் பிரௌன் இயக்கமாக, அதாவது தற்செயலாக நடுங்கிக்கொண்டே போகும் கோடாக, எடுத்துக்கொள்வது, அப்படிப்பட்ட கோடுகளுக்கான நுண்கணித விதியான இட்டோவின் சூத்திரம், பங்கை வாங்கும் விற்கும் உரிமைகளுக்கு விலை கணிக்க 1973இல் வந்த பிளாக், ஷோல்ஸ் சமன்பாடு, எல்லாம் கணக்குப் போட்டேன். கை வேகம் இருந்தது. உயர்தர இணைந்த கணித வினாத்தாளின் பகுதி பீயில் ஏழு வினாவில் ஐந்து செய்து பழகிய கை அல்லவா.

பட்டம் முடித்து ஒரு நிறுவனத்துக்கு நேர்முகத்துக்குப் போனேன். இடர் முகாமைத்துவப் பிரிவு. எதிரே இருந்தவர் நரைத்த மனிதர், அமைதியாகப் பேசினார். ஒரு தாளில் டீ டபிள்யூவின் வர்க்கம் சமன் டீ ரீ என்று எழுதி (டபிள்யூ பிரௌன் இயக்கம், ரீ நேரம், டீ என்றால் அதில் சிறு மாற்றம்), "இது ஏன் தங்கச்சி?" என்று கேட்டார். நான், "விதி அப்படித்தான் சேர்" என்றேன். "சரி, விதி எங்கிருந்து வந்தது?" என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை. நான்கு வருடம் அந்தச் சமனை எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வேலை வேறொருவருக்குப் போனது. அதைவிட, பஸ்ஸில் ஊருக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தாள்தான் கண்ணுக்குள் நின்றது.

பதிலை 2020இல்தான் கண்டேன். மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள், கொழும்பில் அறையைப் பூட்டிவிட்டு வீட்டில் வந்து இருந்தேன். யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்த தோழியின் மெய்யெண் பகுப்பாய்வுக் குறிப்புகளை, நுண்கணித விதிகளை அடியிலிருந்து நிறுவும் பாடம் அது, எல்லையை வரையறுக்கும் எப்சிலன், டெல்ட்டாவிலிருந்து எடுத்துப் படித்தேன். மழமழப்பான வளைகோட்டில் நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்ட வெட்ட, மாற்றங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் பூச்சியத்துக்குப் போகும். பிரௌன் இயக்கம் எங்கும் அறாமல் போகிற கோடு, ஆனால் ஒரு புள்ளியிலும் வகையிட முடியாது. அவ்வளவு நடுங்குவதால் அந்தக் கூட்டுத்தொகை பூச்சியத்துக்குப் போகாது, கழிந்த நேரத்துக்கே போய் நிற்கும். அவ்வளவுதான் அந்தச் சமன். விளங்கியபோது இரவு இரண்டு மணி. அம்மாவை எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நிதி படித்தவர்கள் கோபிக்க வேண்டாம். நிதியியல் குறைந்த படிப்பு என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கஷ்டம் தெரியாமல் பேசுகிறாள் என்றும் எழுதாதீர்கள். கடலுக்குப் போகாத நாளில் எங்கள் வீட்டில் என்ன சமைத்தோம் என்று எனக்குத் தெரியும். நான் சொல்வது, கணிதத்திலிருந்து நிதிக்குப் போக வழி திறந்தே இருக்கிறது, திரும்பி வரும் வழிதான் கடினம். காப்புறுதித் துறையில் அக்சுவரி, அதாவது இடரைக் கணக்கிடுபவர், ஆக வேண்டுமென்றால் அமெரிக்க அக்சுவரிகள் சங்கத்தின் தொடக்கப் பரீட்சைகளே நிகழ்தகவும் நிதிக் கணிதமும்தான். கணிதப் பட்டதாரி தாராளமாக எழுதலாம். ஆனால் கட்டணம் டொலரில். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் போனபோது நான் ஒரு பரீட்சையைத் தள்ளிப்போட்டேன். அதற்குச் சேமித்துக்கொண்டு இறங்குங்கள்.

மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும். நான் வேலை செய்த ஓரிடத்தில் கூட வேலை செய்தவர், "நீங்க எல்லாம் மாவட்டக் கோட்டாவில வந்த ஆக்கள்தானே" என்றார். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான தகுதி ஒழுங்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. நான் படித்தபோது இணைந்த கணித ஆசிரியர் இடமாற்றத்தில் போனார், அடுத்தவர் வரும்வரை பழைய வினாத்தாள்களை நாங்களே பிரித்துப் பிரித்துச் செய்தோம். அப்படி எடுத்த புள்ளிக்கு நான் யாரிடமும் தலைகுனிய மாட்டேன். நீங்களும் குனியாதீர்கள், தம்பி. நாளைக்கு உங்களிடமும் கேட்பார்கள்.

சரி, உங்கள் கேள்வி. எக்ஸ் பூச்சியத்தை அணுகும்போது சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் வருவது ஒன்றை அணுகும் என்று உயர்தரத்தில் படித்திருப்பீர்கள். அது ஏன் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆரைச்சிறையின், அதாவது இரண்டு ஆரைகளுக்கு நடுவே வரும் வட்டப் பகுதியின், பரப்பைக் கொண்டு நிறுவுவீர்கள். அப்புறம், அந்தப் பரப்பின் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அந்த இடத்தில் எரிச்சல் வந்தால் நிதியியலை முதலாவதாகப் போடுங்கள், நன்றாக இருப்பீர்கள். விடாமல் இருந்து யோசித்தால் யாழ்ப்பாணத்தைப் போடுங்கள். அங்கே முதலில் மூன்று பாடம் படிக்க வேண்டும், கணிதத்தை மட்டும் ஆழமாகப் படிக்கும் சிறப்புக் கற்கைக்குப் பெறுபேறு பார்த்துத்தான் எடுப்பார்கள், ஆகவே முதல் வருடத்தை விட்டுவிடாதீர்கள். விரிவுரை இரண்டு இடத்திலும் ஆங்கிலம்தான், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வீட்டில் பேசும்போது அப்பாவைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசுங்கள். சொந்தக்காரர் நடுவில் பேசினால் அப்பாக்கள் வாய் திறப்பதில்லை. என் அப்பா போன வருடம்தான் சொன்னார், அன்றைக்கு அந்தப் பென்சில் எழுத்தை அவரும் பார்த்தாராம்.