கெட்டி வேறு, கனம் வேறு

காவேரிப்பட்டணம் வாசகி: பாலைக் கறந்த சூட்டோடு சொசைட்டிக்குக் கொண்டுபோனால் லாக்டோமீட்டர் எண் குறைகிறது. சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை. ஏன்?

நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். அந்தக் கருவி பாலின் கெட்டியைப் பார்ப்பதில்லை. அடர்த்தியை, அதாவது ஒரு லிட்டரின் எடையைப் பார்க்கிறது. தண்ணீர் லிட்டருக்கு 1,000 கிராம் என்றால், நல்ல பால் 1,030 கிராம் அளவில் இருக்கும். அந்த 30தான் கருவியில் தெரிவது. சூட்டில் பால் விரிவதால் லிட்டருக்கு எடை குறையும். பாலில் மிதக்கும் கருவி இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கி, எண்ணைக் குறைத்துக் காட்டும். நுரையோடு சிக்கிய காற்றும் இதையே செய்யும். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பாலின் வெப்பநிலையையும் பார்த்துத் திருத்திக் கணக்குப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. கொழுப்பு தண்ணீரைவிட லேசு. அதனால் ஏடெடுத்த பாலுக்கு எண் கூடும். அதில் தண்ணீர் ஊற்றினால் பழைய எண்ணுக்கே வந்து நிற்கும். கொழுப்பையும் அளக்காமல், இந்த ஒரு கருவியை வைத்து யாரையும் குற்றம் சொல்வது தவறு. என் அம்மா கேனோடு வரிசையில் தலைகுனிந்து நின்ற காலைப்பொழுது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கிருஷ்ணகிரி வாசகர்: மாங்கூழ் வாளியைச் சாய்த்தால் அசைவதில்லை. தட்டினால் மடமடவென்று விழுகிறதே?

கூழில் சதைத் துணுக்குகளும் பெக்டின் என்ற பழப் பசையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னல் அவிழ ஓரளவு விசை வேண்டும். அவிழ்ந்தபின் ஓட ஓட இளகும். தண்ணீருக்கு இந்தக் குணம் இல்லை. கரண்டியில் எடுத்த கூழ் குவியலாக நிற்கும்; வேகமாகக் கலக்கிவிட்டு ஊற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஓசூர் வாசகி: இங்கே குடிவந்த பிறகு பருப்பு வேக நேரமாகிறது.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்; அதற்குமேல் சூடேறாது, அதனால் பருப்பு மெதுவாக வேகும். உப்புத் தண்ணீராக, அதாவது கடின நீராக இருந்தால் இன்னும் தாமதம். குக்கரில் வையுங்கள், சரியாகிவிடும்.

பென்னாகரம் மாணவர்: ஒகேனக்கல் புகை நீராவியா?

இல்லை தம்பி, நீராவி கண்ணுக்குத் தெரியாது. காவிரி பாறையில் மோதிச் சிதறிய நுண்துளிகள் அவை. கன்னடத்தில் ‘ஹொகே’ புகை, ‘கல்’ பாறை. நீரின் மேற்பரப்பைச் சுருக்கி இழுக்கும் பரப்பு இழுவிசை ஒவ்வொரு துளியையும் உருட்டிப் பிடித்திருக்கிறது. பரிசலில் போகும்போது கை முடியில் ஒட்டியிருக்கும் துளிகளைக் கிட்டத்தில் பார். அத்தனையும் உருண்டையாக இருக்கும்.