ஏழாம் நாள் முட்டையில் என்ன தெரியும்?

நாட்டுக்கோழி கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, சின்ன இன்குபேட்டரில் 30 முட்டை வைத்தோம். 11 குஞ்சுதான் வந்தது. மீதியை உடைத்துப் பார்த்தால் சிலதில் வெறும் மஞ்சள் கரு, சிலதில் ரத்தம், நாலைந்தில் முழுக் குஞ்சே செத்துக் கிடந்தது. லைட் அடித்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்கிறார்கள். வெளிச்சம் பட்டால் கரு கெட்டுவிடும் என்கிறார் என் மாமியார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, காரிமங்கலம்

பதில்: உடைத்துப் பார்த்தீர்களே தங்கச்சி, அதுவே பெரிய விஷயம். பல பேர் பொரிக்காத முட்டையை அப்படியே குழியில் கொட்டிவிட்டு மெஷின் மேல் பழி போடுகிறார்கள். உங்கள் முட்டைகள் மூன்று விதமாகக் கெட்டிருக்கின்றன. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. லைட் அடித்துப் பார்த்தால் எந்த நாளில் எது நின்றது என்று தெரியும். அடுத்த முறை எதைத் திருத்தலாம் என்பதும் அதில் இருக்கிறது.

மாமியார் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. முன்பெல்லாம் குண்டு பல்பில்தான் பார்த்தார்கள். அந்தச் சூடு முட்டைக்கு ஆகாது. எல்.இ.டி. டார்ச்சில் அந்தத் தொல்லை இல்லை. முட்டையை விட வாய் சிறியதாக ஒரு டார்ச் வாங்கி, விளிம்பில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் கசியாது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகலமான பக்கத்தை டார்ச் மேல் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். பத்து நிமிடம் வெளியே இருந்தால் ஒன்றும் ஆகாது. அடைக்கோழியும் தினமும் இறங்கித் தீனி தின்றுவிட்டுத்தானே வருகிறது!

ஏழாம் நாள் நல்ல முட்டையில் நடுவே ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால் போல நாலா பக்கமும் சிவப்பு நரம்புகள் ஓடும். அந்தப் புள்ளி குஞ்சின் கண். கையை ஆட்டாமல் கொஞ்ச நேரம் பாருங்கள், புள்ளி லேசாக அசையும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது சலித்ததே இல்லை. ஓடு பழுப்பாக இருந்தால் இவ்வளவு தெளிவு இருக்காது. அதைப் பத்தாம் நாள் பாருங்கள்.

நரம்பே இல்லாமல் ஒரே வெளிச்சமாக, மஞ்சள் கருவின் நிழல் மட்டும் தெரிந்தால் கரு கூடவில்லை. பத்து கோழிக்கு ஒரு சேவலாவது இருக்கிறதா, அது வயசானதா என்று முதலில் கவனியுங்கள். நரம்பு இல்லாமல் ஓட்டை ஒட்டி ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால், கரு கூடி முதல் சில நாளிலேயே செத்துவிட்டது. முட்டை பழசாக இருந்திருக்கும், அல்லது தொடக்கத்தில் சூடு ஏறி இறங்கியிருக்கும். நம் தர்மபுரி வெயிலில் சித்திரை, வைகாசியில் இது அதிகம். முட்டை வீட்டுக்குள் சும்மா இருக்கும்போதே சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பலம் இழந்துவிடுகிறது. ஈர மணல் மேல் மண்பானை வைத்து அதில் முட்டையைச் சேருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள்.

14-ம் நாள் உள்ளே பெரும்பகுதி இருட்டாகத் தெரியும். 18-ம் நாள் மேலே உள்ள காற்றறை தவிர எல்லாம் கறுப்பு. அந்தக் காற்றறையைப் பென்சிலால் ஓட்டின் மேல் வரைந்து வையுங்கள். முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. மிகப் பெரிதாக இருந்தால் ஈரப்பதம் போதவில்லை, சிறிதாகவே இருந்தால் ஈரம் கூடிவிட்டது. முழுக் குஞ்சு செத்ததற்கு இதையும், முட்டையைச் சரியாகத் திருப்பினீர்களா, கரண்ட் எத்தனை மணி நேரம் நின்றது என்பதையும் பாருங்கள். 37.5 டிகிரி செல்சியஸ் கடைசி வரை நிற்க வேண்டும். 18-ம் நாளுக்குப் பிறகு திருப்பவும் வேண்டாம், திறந்து பார்க்கவும் வேண்டாம்.

சந்தேகமான முட்டையை அவசரப்பட்டு எறியாதீர்கள். பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். நாற்றம் அடிப்பதையும் ஓட்டில் கசிவு இருப்பதையும் மட்டும் உடனே எடுங்கள். வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும்.

கேள்வி: அடையில் இருக்கும் கோழி கிட்டே போனாலே கொத்துகிறது. எப்படி லைட் அடிப்பது? இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும் என்று கூடையில் இரும்பும் கரித்துண்டும் போட்டிருக்கிறோம். அது சரியா?
– ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: நன்றாக இருட்டிய பிறகு போங்கள் தம்பி. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, அடங்கிக் கிடக்கும். பக்கவாட்டில் கைவிட்டு இரண்டிரண்டாக எடுத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். இடிச் சத்தத்தில் கரு சாவதில்லை. உங்கள் பக்கம் மழையோடு குளிரும் சேர்ந்து வரும். கூடை நனைந்தாலோ, கோழி மிரண்டு நெடுநேரம் இறங்கி நின்றாலோ முட்டை ஆறிப் போகும். இரும்பு கிடக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. கூடையை ஒழுகாத மூலையில் வையுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நாட்டு முட்டை வாங்கி, லைட் அடித்துக் கரு உள்ளதை மட்டும் பொறுக்கி அடை வைக்கலாமா?
– ஒரு வாசகர், போச்சம்பள்ளி

பதில்: அடை வைப்பதற்கு முன் எந்த லைட்டிலும் கரு தெரியாது. மயிரிழை விரிசல் தெரியும். காற்றறை பெரிதாக இருந்தால் முட்டை பழசு என்று தெரியும், அவ்வளவுதான். சந்தை முட்டை எத்தனை நாள், எந்த வெயிலில் கிடந்ததோ! சேவலோடு கோழி வளர்ப்பவர் வீட்டுக்கே போய், அந்த வாரம் இட்ட முட்டையைக் கேட்டு வாங்குங்கள். வண்டியில் குலுங்கி வந்தால், கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு ராத்திரி அசையாமல் வைத்துவிட்டு, அப்புறம் அடைக்கு வையுங்கள்.