மாற்றிப் போட்ட பழைய இன்ஜினில் எண்ணே இல்லை. எந்த இன்ஜின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் கடந்து போக முடியவில்லை. வாங்கிய பழைய காரில் இருப்பது அதோடு வந்த இன்ஜின் இல்லை, யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், எண் தகடும் இல்லை, இது என்னவாக இருக்கும் என்கிறீர்கள். விற்றவர் ஏதோ ஒரு சிசியை அடித்துச் சொல்லியிருப்பார். நீங்கள் பாதி நம்பியிருப்பீர்கள். நான் முழுதாகவே நம்பினேன்.

என்னுடையது 1958 மாடல் மோரிஸ் மைனர். அந்த வருடத்து வண்டியில் வந்தது 948 சிசி. 1098 வந்தது 1962இல்தான். விற்றவர், “இதுல 1098 ஏத்தியிருக்கோம் சார், மேட்டுல ஓட்டிப் பாருங்க, தெரியும்” என்றார். மேட்டிலும் ஓட்டிப் பார்த்தேன். அப்போது எனக்கு என்ன தெரிந்தது என்று இப்போது கேட்காதீர்கள்.

பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் உடலில், டைனமோவுக்கு மேலே தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட் துளைகள் மட்டும் இருந்தன. உடனே திருட்டு இன்ஜினோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. உங்களுக்கும் அந்தப் பயம் இருக்கும் என்பதால் சொல்கிறேன்: தகடு இல்லாததெல்லாம் திருட்டு இல்லை. மோரிஸைத் தயாரித்த பிஎம்சி கம்பெனியே பழைய இன்ஜினை வாங்கிக்கொண்டு, புதுப்பித்த இன்ஜினைக் கொடுத்த காலம் உண்டு. ‘கோல்ட் சீல்’ என்று பெயர். தங்க நிறத்தில் பெயின்ட் அடித்து வரும், பழைய எண் அதில் இருக்காது. ஆகவே ஒரு மூலையில் பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள். என்னுடையதில் பச்சைக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே துரு.

அடுத்து எல்லோரும் சொல்வது, ஹெட்டில், அதாவது பிளாக்கை மேலே மூடும் பாகத்தில், வார்த்திருக்கும் எண்ணைப் பார் என்பது. பாருங்கள், ஆனால் அது ஹெட்டைப் பற்றி மட்டும்தான் பேசும். மைனரில் வரும் இந்த ஏ-சீரிஸ் என்ற இன்ஜின் வரிசையில் ஹெட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது அந்தக் காலத்திலிருந்தே நடக்கிற வேலை. 12ஜி940 என்று இருந்தால் அது 1275 சிசி இன்ஜினின் ஹெட். கீழே இருக்கும் பிளாக்கும் 1275தான் என்று அதை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது.

சரி, அளந்துவிடுவோம் என்று ஹெட்டைக் கழற்றினேன். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 64.4 மில்லிமீட்டர் காட்டியது. புத்தகப்படி 948க்கு 62.9, 1098க்கு 64.58. அப்படியானால் 1098தானே? கொஞ்சம் குறைகிறதே என்று ஒரு நெருடல் இருந்தது. பழியை அளந்த வெர்னியர் காலிப்பர் மேல் போட்டேன். (வெர்னியரில் போர் அளப்பதா என்று சிரிக்கப் போகிறவர்களுக்கு: போர் கேஜில்தான் அளக்க வேண்டும், தெரியும். மேல்விளிம்புக்குக் கீழே, தேயாத இடத்தில், தேய்ந்த இடத்தில் என்று பல இடங்களில் அளக்க வேண்டும், அதுவும் தெரியும். என்னிடம் இருந்தது வெர்னியர்.)

அந்த வெர்னியரைச் சந்தேகப்பட்டதற்கும் காரணம் உண்டு. அதற்கு முந்தைய மாதம்தான் ஒருவர், “அஞ்சு நிமிஷம், கொடுத்துடறேன்” என்று வாங்கிப் போய், மூன்று வாரம் வைத்திருந்து, தாடை வளைந்த நிலையில் கொடுத்தார். கேட்டால், “வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு.” ஸ்பேனர் கேட்டால் கொடுக்கலாம். அளக்கிற சாமானை இரவல் கேட்கிறவர்களுக்கு மனசாட்சி என்று ஒன்று கிடையாதா? கீழே போட்டோம் என்று சொன்னால் திருத்திக்கொள்ளவாவது செய்வேன். இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 1098க்கான ஓவர்சைஸ் பிஸ்டன் செட்டை, அதாவது கடைந்து பெரிதாக்கிய சிலிண்டருக்கான பெரிய பிஸ்டன்களை, வரவழைத்தேன். பழைய பிஸ்டன்களை, அவற்றைக் கிராங்கோடு இணைக்கும் ராடோடு மேலே எடுத்து மேசையில் வைத்தபோது, பக்கத்தில் நின்ற வயதான மெக்கானிக் சிரித்தார். “தம்பி, இந்த போல்ட்டைப் பாத்தியா?” ராடின் சின்னத் தலையில் பிஸ்டன் பின்னை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிளாம்ப் போல்ட். 948இல் அப்படித்தான் இருக்கும். 1098இல் பின் இறுக்கப்படாமல், இரண்டு பக்கமும் சர்க்ளிப் என்ற வளையக் கிளிப் தடுக்க, மிதக்கும். நான் வாங்கிய புது பிஸ்டன்களில் சர்க்ளிப் காடி பளபளவென்று இருந்தது. பெட்டியைப் பிரித்தாகிவிட்டதால் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. அது அவர் நியாயம்.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கிராங்கைச் சுற்றி, அதில் ராட் மாட்டும் ஒரு ஜர்னல் மேலே போய்க் கீழே வருகிற தூரத்தை அளந்தேன். அதுதான் ஸ்ட்ரோக், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். 76.2 மில்லிமீட்டர். 1098இன் ஸ்ட்ரோக் 83.72. ஏழரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை வளைந்த வெர்னியரால்கூட மறைக்க முடியாது. ஹெட்டைக் கழற்றிய அன்றே பிஸ்டன் மேலே நிற்கும்போதும் கீழே நிற்கும்போதும் ஆழத்தை அளந்து கழித்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஹெட்டைக் கழற்றாமல் பிளக் துளை வழியாகக் கம்பி விட்டு அளக்கச் சிலர் சொல்வார்கள். இந்த இன்ஜினில் பிளக் பக்கவாட்டில் சாய்ந்து இருக்கும், கம்பி நேராக இறங்காது. அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

ஆக, போர் மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். 948ஐ 60 ஓவர்சைஸ் வரை, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு கூடுதலாக, கடைந்தால் 62.9 என்பது 64.42 ஆகிவிடும், 1098க்குப் பக்கத்து வீடு. ஸ்ட்ரோக் மட்டும் அளந்தாலும் போதாது: 803, 948, 998 மூன்றுக்கும் அதே 76.2தான். இரண்டையும் அளந்து, பின் பிடித்திருக்கும் விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். உங்களுடையது வேறு கம்பெனி வண்டியாக இருந்தாலும் வழி இதுதான், எண்கள் மட்டும் மாறும்.

இன்னொன்று. துளை இருக்கிறதே, பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணைக் குத்தி ஒரு தகடு அடித்துவிடலாம் என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். என்னிடம் இரண்டு பேர் சொன்னார்கள். செய்யவே செய்யாதீர்கள். இன்ஜின் மாறியதை மாறியதாகவே பதிவு செய்யுங்கள்.

என் பிளாக்கில் இனிக் கடைய இடமில்லை. சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற உலோகக் குழாயைப் போட்டுப் பழைய அளவுக்கே கொண்டுவந்தோம். கழற்றிப் போட்ட பழைய பிஸ்டன் ஒன்றைப் பேனா ஸ்டாண்ட் ஆக்கலாம் என்று மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன். தலையில் இருந்த கரி கரைந்ததும் அடியில் தெளிவாகக் குத்தியிருந்தது: 060.