பிரான்சின் இனிப்பு ஒயின்கள்: கேள்வி பதில்

கேள்வி: சோத்தேர்ன் ஒயினை அழுகிய திராட்சையில் செய்கிறார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் எல்லா அழுகலும் இதற்கு ஆகாது. சோத்தேர்ன் விளையும் இடத்தில், போர்தோ நகருக்குத் தெற்கே, சிரோன் என்ற சிற்றாறு கரோன் ஆற்றில் கலக்கிறது. சிரோனின் தண்ணீர் குளிர்ந்தது, கரோன் அதைவிட வெதுவெதுப்பு. அதனால் இலையுதிர்காலத்து விடியலில் பனிமூட்டம் எழும். அந்த ஈரத்தில் போட்ரைடிஸ் என்ற பூஞ்சணம் பழத்தில் பிடிக்கும். பகலில் வெயில் வந்து காயவைக்கும். தோலில் விழும் நுண்துளைகள் வழியே தண்ணீர் வெளியேற, இனிப்பும் புளிப்பும் சுண்டி உள்ளே நிற்கும்.

ஒரு கொத்தைக் கையில் எடுத்தால் பொன்னிறப் பழம், ஊதா கலந்த பழுப்பு, சாம்பல் பூத்துச் சுருங்கியது என்று மூன்றும் சேர்ந்தே இருக்கும். சுருங்கியதை மட்டும் பறித்துவிட்டு, மற்றவற்றுக்குச் சில நாள் கழித்து மறுபடி வருவார்கள். சோத்தேர்னின் பேர்பெற்ற திராட்சைத் தோட்டமான ஷாத்தோ தீகெமில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் அளவுதான் ஒயின் கிடைக்கும் என்பார்கள். 2012 அறுவடை தரமாக அமையாததால் அந்த ஆண்டுக்கான தீகெம் ஒயினே வெளிவரவில்லை. விலை ஏன் இவ்வளவு அதிகம் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

கேள்வி: சாக்லேட் கேக்கோடு சோத்தேர்ன் சேருமா?

பதில்: சேராது. அதற்கு பன்யூல்ஸ் வாங்குங்கள். ஸ்பெயின் எல்லையோரம் கிரனாஷ் திராட்சையில் செய்வது. நொதித்துக்கொண்டிருக்கும்போதே சாராயம் சேர்த்து நிறுத்திவிடுவதால் இனிப்பு தங்கிவிடும்.

கேள்வி: டெசர்ட் ஒயின் என்றுதானே பெயர்? நீங்கள் எப்போதும் சீஸோடு குடிக்கச் சொல்கிறீர்களே?

பதில்: பெயரை விடுங்கள், வாயில் போட்டுப் பாருங்கள். நகக்கண் அளவு ரோக்ஃபோர் சீஸ். நீலப் பூஞ்சணத்தின் காரமும் உப்பும் நாக்கில் ஏறும். உடனே ஒரு வாய் சோத்தேர்ன். உப்பு அடங்கி, ஒயினில் சர்க்கரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த பாதாமி (ஆப்ரிகாட்) பழ வாசனை எழுந்து வரும். இனிப்பான ஒயினுக்கு உப்பும் கொழுப்பும்தான் உற்ற துணை.

கேள்வி: ஒத்துக்கொள்ள முடியாது. பழ டார்ட்டோடு அருமையாக இருக்கிறதே!

பதில்: பாதாமி டார்ட், பேரிக்காய் டார்ட் என்றால் நானும் சாப்பிடுவேன். ஆனால் பண்டம் ஒயினைவிட இனிப்பாக இருக்கவே கூடாது. இருந்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கேள்வி: அப்படியானால் விருந்தின் தொடக்கத்தில் ஃபுவா க்ராவோடு (கொழுத்த வாத்து ஈரல்) சோத்தேர்ன் குடிப்பதும் தப்புதானே? அடுத்து வரும் ஒயின் கெட்டுவிடும்.

பதில்: நல்ல வாதம். இனிப்புக்குப் பின்னால் இனிப்பில்லாத வெள்ளை ஒயின் வந்தால் மெலிந்துதான் போகும். அதற்காக அந்த ஜோடியைப் பிரிக்க மாட்டேன். நடுவில் ஒரு கிண்ணம் சூப் கொடுங்கள், நாக்கு தெளியும். இன்னொரு வழி, மொறுமொறு தோலுள்ள வறுத்த கோழியோடு அதே ஒயினைத் தொடருங்கள். சோத்தேர்ன் பக்கம் அப்படிச் சாப்பிடுவது உண்டு. கோழிக்கு இனிப்பா என்று முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

கேள்வி: சாக்லேட் மூஸோடு சோத்தேர்ன்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். பன்யூல்ஸ்.

கேள்வி: விலை குறைவாக ஏதாவது?

பதில்: பெர்ஜராக் பக்கத்து மோன்பசியாக். அதுவும் பூஞ்சணம் பிடித்த பழத்தில் செய்வதுதான். கூடுதல் புளிப்பு பிடிக்கும் என்றால் லுவார் பகுதியின் கோத்தோ து லேயோன், ஷெனின் திராட்சையில் செய்வது. 375 மில்லி அரை பாட்டில் கிடைத்தால் நாலு பேருக்குப் போதும்.

கேள்வி: ஐஸ் போடலாமா?

பதில்: போடவே கூடாது. பாட்டிலைக் குளிரவைத்து, 10 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். அதைவிடச் சில்லென்று இருந்தால் வாசனையே வராது.

கேள்வி: வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுவது எப்படி?

பதில்: அது என் துறை இல்லை. போட்டுப் பழகியவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக. மூன்றாம் நாள் மீதியை ரோக்ஃபோரோடு குடித்துப் பாருங்கள். சாக்லேட்டோடு அல்ல.