பாட்டிக்கு மட்டும்தான் டார்ச்சா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு 8 வயது. ஒரு வருஷமாக ஜட்டியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மலம் போய்விடுகிறான். கேட்டால் "தெரியலம்மா" என்கிறான். ஒழுங்காகப் போவது 5, 6 நாளைக்கு ஒருமுறைதான். அன்றைக்குக் கக்கூஸே அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் போகவே மாட்டான். வகுப்பில் அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. என் கணவர் அடித்துப் பார்த்தார். அவனையே துவைக்கச் சொல்லிப் பார்த்தேன். மாமியார் விளக்கெண்ணெய் கொடுத்தார், வெற்றிலைக் காம்பு வைத்தார். போன மாதம் விறகுக்குப் பின்னால் நான்கு ஜட்டிகளைச் சுருட்டி ஒளித்து வைத்திருந்தான். எங்கள் கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. கரடி நடமாட்டம் உண்டு என்பதால் வெளிச்சம் வரும்வரை அவனை வெளியே விடுவதில்லை. மாமியாரை மட்டும் விடியற்காலையில் என் கணவர் டார்ச் அடித்துக் கூட்டிப் போவார். 7:20-க்குப் பள்ளி பஸ். எனக்கும் மலச்சிக்கல் உண்டு, சமயத்தில் ரத்தம் படும், அது பழகிவிட்டது. இவன் வேண்டுமென்றே செய்கிறானா? மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

பதில்:

"மாமியாரை மட்டும்." உங்கள் கடிதத்தில் இந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. வெற்றிலைக் காம்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், மனநல மருத்துவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்கள் கேட்டதற்கான பதில் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் உங்கள் பக்கம் மூடுபனி விலகி நல்ல வெளிச்சம் வர 7 மணி ஆகிவிடும். 7:20-க்கு பஸ். அந்த 20 நிமிடத்துக்குள் பல் தேய்த்து, யூனிஃபார்மும் ஸ்வெட்டரும் மாட்டி, டீயில் வர்க்கியை நனைத்து வாயில் போட்டுக்கொண்டு, ஷூ போட்டு, பஸ் நிற்கிற வளைவுவரை ஓட வேண்டும். இதில் எந்த நிமிடத்தில் அவன் கக்கூஸுக்குப் போவான்?

தூங்கி எழுந்ததும், வயிற்றில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் அசைந்துகொடுக்கும். உடம்பு கூப்பிடுகிற நேரம் அதுதான். அவனைக் கூப்பிடும்போது உங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. அடக்குகிறான். பள்ளிக்கூடத்திலும் அடக்குகிறான். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அந்த உந்துதலே போய்விட்டிருக்கும், விளையாட ஓடிவிடுவான். ஒருநாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. இவன் ஒரு வருஷமாக இப்படி இருக்கிறான்.

அடக்க அடக்க உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். தங்கிப்போன மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் கல்லாக இறுகும். இறுகினது வெளியே வரும்போது வலிக்கும், சில சமயம் ஆசனவாய் வெடித்துவிடும். வலித்த பிள்ளை அடுத்த முறை இன்னும் பலமாக அடக்கும். கால்களைப் பின்னிக்கொண்டு, சுவரைப் பிடித்து, முகம் சிவக்க நிற்பான். முக்குகிறான் என்று நினைத்திருப்பீர்கள், அவன் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். நாள்பட நாள்பட மலக்குடல் பலூன் மாதிரி விரிந்து, "வருகிறது" என்று சொல்லும் உணர்ச்சியே மழுங்கிவிடும். மேலே இருக்கும் இளகின மலம் அந்தக் கட்டியின் ஓரமாகக் கசிந்து வெளியே வரும். அது வருவது அவனுக்குத் தெரியாது. நாள் முழுக்க அந்த வாடையிலேயே இருப்பதால் வாடைகூட அவன் மூக்குக்கு உறைக்காது.

ஆகவே "தெரியலம்மா" என்று அவன் சொன்னது சத்தியம். ஒரு வருஷமாக அந்த வீட்டில் உண்மை பேசியவன் அவன் ஒருத்தன்தான். அதற்கு அவனுக்குக் கிடைத்தது அடி.

அந்த நான்கு ஜட்டிகளையும் திருட்டுத்தனத்துக்கு அடையாளமாக எழுதியிருக்கிறீர்கள். சோம்பேறிப் பையன் கழற்றின இடத்திலேயே போட்டுவிட்டுப் போவான். சுருட்டி, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, விறகை நகர்த்திப் பின்னால் செருகி, திரும்ப அடுக்கி வைப்பவன் மானம் உள்ளவன். பனிக்காலத்தில் கை விறைக்கும் தண்ணீரில் தண்டனையாக அவனைத் துவைக்க விட்டது தவறு. இனிமேல் அழுக்கானதை ஒரு மூடிபோட்ட பக்கெட்டில் போடட்டும், வெந்நீர் ஊற்றி நீங்களும் அவனும் சேர்ந்து அலசுங்கள். அடி இன்றோடு நிற்க வேண்டும். வெற்றிலைக் காம்பும் விளக்கெண்ணெயும்கூட நிற்க வேண்டும். ஏற்கெனவே வலிக்குப் பயந்து இறுக்கிக்கொள்ளும் இடத்தில் பாட்டி காம்பைச் செருகினால் அவன் இன்னும் இறுக்கத்தான் செய்வான். பாட்டி பாசத்தில்தான் செய்தார், எனக்குத் தெரியும். பாசத்தில் செய்தாலும் அவனுக்கு வலி வலிதான்.

இப்போது உங்கள் கணவருக்கு. இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.

தம்பி, உங்கள் அம்மாவை இருட்டில் தனியாக விடாமல் துணைக்குப் போகிறீர்களே, அதற்கு நான் உங்களை மதிக்கிறேன். பெற்றவளுக்கு இதைக்கூடச் செய்யாத பிள்ளைகளைப் பற்றி எனக்கு மாதாமாதம் கடிதம் வருகிறது. அதை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். ஆனால் அதே டார்ச், அதே பாதை, அதே கரடி. உங்கள் அம்மாவோடு போகும்போது பத்திரமான பாதை, உங்கள் மகனுக்கு எப்படி ஆபத்தாகிறது? பாட்டி வந்ததும் அவனைக் கூட்டிப் போக இன்னொரு பத்து நிமிடம்தான் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை ஒரு வருஷமாகக் கொடுக்கவில்லை, அப்புறம் அடிக்கக் கை நீள்கிறது. துணைக்குப் போகாத அப்பாவுக்கு அடிக்க என்ன உரிமை?

நான் குன்னூரில் வளர்ந்தவள். எங்களுக்கும் கக்கூஸ் வெளியேதான், கரண்டும் கிடையாது. அப்பா அரிக்கேன் விளக்கைக் கதவுக்கு வெளியே கல்மேல் வைப்பார். கதவின் கீழ் இடுக்கு வழியாக அந்த வெளிச்சம் ஒரு கோடாக என் காலடிவரை வரும். அவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டு செருமிக்கொண்டே இருப்பார். நான் கூப்பிடாமலே நடுநடுவில் "இருக்கேன்மா, இருக்கேன்" என்பார். ஒருநாளும் "சீக்கிரம் வா" என்று சொன்னதில்லை, குளிரில் அவர் பல் கிடுகிடுப்பது உள்ளே கேட்கும். அப்பா என்ற சொல்லுக்கு எனக்கு இன்றைக்கும் அந்தச் செருமல்தான் அர்த்தம்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். மனநல மருத்துவர் இப்போது வேண்டாம், குழந்தை நல மருத்துவரிடம் போங்கள். கோத்தகிரி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். தேவைப்பட்டால் ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். கணவரும் கூட வரட்டும். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போனானா, வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறதா, பச்சையாக வாந்தி எடுத்தானா, எடை குறைகிறதா, நடையில் தடுமாற்றம் உண்டா, மலத்தில் ரத்தம் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். பிறவியிலேயே குடலில் நரம்பு இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய் போன்றவை இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் அந்தக் கேள்விகள். அவை அபூர்வம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் மேலே சொன்ன அடக்கல்தான் காரணம்.

சிகிச்சைக்கு இரண்டு கட்டம் உண்டு. முதலில் தேங்கிக் கிடப்பதை முழுக்கக் கரைத்து வெளியேற்ற வேண்டும். பாலி எத்திலீன் கிளைகால் என்ற பொடியைத் தண்ணீரில் கலக்கிச் சில நாள் குடிக்கக் கொடுப்பார்கள், சிலருக்கு லாக்டுலோஸ் சிரப். அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இந்த நாட்களில் கசிவு இன்னும் அதிகமாகும், ஆகவே பள்ளி விடுமுறை பார்த்துத் தொடங்குங்கள். கட்டி வெளியேறுமுன் கீரையும் பழமுமாகத் திணிப்பதில் பயனில்லை. அடைத்த குழாயில் மேலும் மேலும் தள்ளின மாதிரி ஆகிவிடும்.

இரண்டாம் கட்டத்தில்தான் குடும்பங்கள் தோற்கின்றன, கடிதங்களில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். இரண்டு வாரத்தில் பையன் சரியாகப் போகத் தொடங்குவான். "மருந்து பழகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள், நிறுத்திவிடுவீர்கள், ஒரு மாதத்தில் பழைய கதை. விரிந்த மலக்குடல் சுருங்கப் பல மாதம் பிடிக்கும். மருந்தைக் குறைந்தது 2 மாதம் தினமும் கொடுக்க வேண்டும், ஒரு தொல்லையும் இல்லாமல் ஒரு மாதமாவது போன பிறகுதான் மருத்துவர் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஒரு வருஷமாக இருக்கும் தொல்லை என்பதால் உங்கள் மகனுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். இந்தப் பொடி குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது, அவ்வளவுதான். குடல் இதற்கு அடிமையாகாது.

காலை நேரத்தை மாற்றுங்கள். அவன் 6 மணிக்கு எழட்டும். டீயும் வர்க்கியும் வேண்டாம், வர்க்கி மைதா. வெதுவெதுப்பான தண்ணீர், அப்புறம் ராகிக் கஞ்சியோ இட்லியோ ஏதாவது வயிற்றில் போட்டதும் அப்பாவோடு போகட்டும். 5 முதல் 10 நிமிடம் உட்கார்ந்தால் போதும், வந்தாலும் வராவிட்டாலும். பாராட்டு உட்கார்ந்ததற்குத்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் ஒருமுறை, அதற்கும் அப்பா. உள்ளே ஒரு பல்பு போடுங்கள், தாழ்ப்பாள் அவன் கைக்கு எட்டட்டும். கரடி பக்கத்தில் வந்ததாகத் தெரிந்தால் அன்றைக்கு யாரும் போக வேண்டாம், பாட்டியும்கூட. வனத்துறைக்குச் சொல்லுங்கள். அந்த மாதிரி நாட்களுக்காக ஒரு பிளாஸ்டிக் கமோட் நாற்காலி வாங்கி வீட்டுக்குள் வைத்தால் பாட்டிக்கும் ஆகும், பேரனுக்கும் ஆகும்.

காய்கறிக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. பீன்ஸ், கேரட், அவரை, தோலோடு பேரிக்காய், சீசனில் பிளம்ஸ். பேரியிலும் பிளம்ஸிலும் மலத்தை இளக்கும் ஒரு சர்க்கரை இயற்கையாகவே இருக்கிறது.

பள்ளிக்கும் கணவர்தான் போக வேண்டும். இது நோய், இன்ன மருந்து சாப்பிடுகிறான், கேட்காமலே எழுந்து கழிப்பறைக்குப் போக விடுங்கள், மாற்று ஜட்டி பையில் இருக்கும் என்று ஆசிரியரிடம் சொல்லட்டும். அப்படியே அந்தக் கழிப்பறைக்குள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். கதவும் தண்ணீரும் இருக்கிறதா? ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கடைசியாக நீங்கள். ரத்தம் படுவதை எழுதிவிட்டு "பழகிவிட்டது" என்று முடித்திருக்கிறீர்கள். ரத்தம் பழகுகிற விஷயமா? மூலமாகவோ வெடிப்பாகவோ இருக்கலாம், பலருக்கும் அதுதான். ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், நீங்களாக முடிவு செய்யக் கூடாது. மகனைக் காட்டப் போகிற அன்றைக்கே உங்களுக்கும் சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள், ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மத்தியானம்வரை நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தோட்டங்களில் குடிநீரும் கழிப்பிடமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று 1951-லேயே சட்டம் எழுதி வைத்தார்கள். எஸ்டேட்டில் பெண்கள் சேர்ந்து கேளுங்கள். அம்மா அடக்குவதைப் பார்த்து வளர்கிற பிள்ளை அடக்கத்தான் செய்யும்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை உங்கள் கணவர் எழுதட்டும். காலையில் எத்தனை மணிக்கு மகனைக் கூட்டிப் போகிறார், கதவுக்கு வெளியே நிற்கும்போது மகன் உள்ளேயிருந்து என்ன பேசுகிறான் என்பதை நான் அவர் கையெழுத்தில் படிக்க வேண்டும்.